கட்டுத்தரை விளக்குக்குப் பத்து நிமிஷம்

போன மாதம் கூகலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். என்ஜினியரிங் படித்தவர். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஓர் ஆர்டுயினோ போர்டு, நீல நிற ரிலே, கொசகொசவென்று ஒயர். அவருடைய ஆத்தா விடிகாலை நாலு மணிக்குக் கட்டுத்தரையில் பால் கறக்கப் போகிறவர். பட்டனை அழுத்தினால் விளக்கு பத்து நிமிஷம் எரிந்து தானாக அணைய வேண்டும். யூபிஎஸ்ஸில் கழற்றிய 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் வாரம் முடிவதற்குள் பேட்டரி படுத்துவிடுகிறது. "பேட்டரி டூப்ளிகேட்டுங்களா, பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

மீட்டரை இடையில் கோத்துப் பார்த்தேன். விளக்கு அணைந்து கிடக்கும்போதே 50 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாயிரத்தை ஐம்பதால் வகுத்தால் 140 மணி நேரம், ஆறு நாள்கூட முழுதாக இல்லை. பேட்டரி பாவம். சொன்னேன். "அது ஸ்டாண்ட்பைங்க, அதை ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றவர், மேஜையில் கிடந்த என் போர்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் 555-ங்களா? அதெல்லாம் ஸ்கூல் பசங்க புராஜெக்ட்டுங்களே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

555 தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள் என்பதால் எட்டுக் கால்களையும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. 1971-இல் ஹான்ஸ் கமென்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக வரைந்தது, அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று 5 கே ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று பேர் வந்ததாக எல்லா டிப்ளமா பையனும் ஒப்பிப்பான். விற்பனைப் பக்கம் இருந்த ஒருவர் சும்மா வைத்த எண் அது என்று வரைந்தவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மூன்று ரெசிஸ்டரில்தான் சூட்சுமம். கெப்பாசிட்டர் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் நேரம் முடிந்தது. பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தாலும் 11-க்கு இறங்கினாலும் பங்கு பங்குதான், பத்து நிமிஷம் பத்து நிமிஷமாகவே இருக்கும். மாஸ்ஃபெட் கேட்டில் ஒரு கெப்பாசிட்டரைத் தொங்கவிட்டு இதையே செய்கிறவர்கள் உண்டு. விளக்கு மங்கி மங்கி, சீக்காளி மாதிரி அணையும். மங்குகிற நேரமெல்லாம் மாஸ்ஃபெட் சுடும்.

555-க்கும் பசி உண்டு. 12 வோல்ட்டில் சும்மா இருப்பதற்கே பத்து மில்லி ஆம்பியர் தின்னும். விளக்கே எரியாமல் ஒரே மாதத்தில் அதே பேட்டரி காலி. அப்புறம் அந்தத் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இதற்கு வழி காட்டியவர் என் மாஸ்டர்.

கச்சேரிமேட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலத்து ஆள். மொடச்சூர் சந்தை கூடும் சனிக்கிழமைகளில் கடை வாசலில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் வரிசை கட்டும். மற்ற நாளில் எனக்குப் பாடம். "ஏப்பா, வேலை செய்யறப்ப எவ்வளவு திங்குதுன்னு எவன் வேணா பார்ப்பான். சும்மா இருக்கறப்ப என்ன திங்குதுன்னு பாரு" என்பார். அவர் போட்ட சர்க்யூட்டில் ஐசிக்கே சப்ளை கிடையாது. வழியில் ஒரு பிடி140, அதற்குக் குறுக்கே பட்டன். அழுத்தினால் 555-க்கு உயிர் வரும், மூன்றாம் கால் ஏறும், அது ஒரு பிசி547-ஐப் பிடித்து இழுக்கும், அது பிடி140-ஐத் திறந்து வைக்கும். கையை எடுத்தாலும் விடாது. நேரம் முடிந்ததும் மூன்றாம் கால் இறங்க, ஐசி தன் சோற்றைத் தானே நிறுத்திக்கொண்டு செத்துப்போகும். பிறகு என் மீட்டரில் முள் அசையாது.

இதில் ஒரு பொடி சங்கதி. சப்ளை சட்டென்று போய்விடுவதால் கெப்பாசிட்டரில் பாதிச் சார்ஜ் அப்படியே நின்றுவிடும். உடனே மறுபடி அழுத்தினால் நாலு நிமிஷத்திலேயே அணையும். கெப்பாசிட்டரிலிருந்து சப்ளைக்கு ஒரு 4148 டயோடு போட்டால் அந்த மிச்சம் விளக்கு வழியாக வடிந்துவிடும். நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் பேசாமல் டயோடை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் என்னை வருஷக்கணக்கில் ஆட்டிவைத்தது அதுவல்ல, லீக்கேஜ். பத்து நிமிஷத்துக்கு 470 மைக்ரோஃபாரட்டும் 1.2 மெக் ரெசிஸ்டரும் போடுகிறோம். கடைசி நேரத்தில், எட்டு வோல்ட்டைத் தொடப் போகும்போது, ரெசிஸ்டர் வழியாக வருவது மூன்று சொச்சம் மைக்ரோ ஆம்பியர்தான். ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றுகிற கதை. அந்த 25 வோல்ட் கெப்பாசிட்டர் நூறு மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கசிந்தாலும் கம்பெனிக் கணக்கில் அது நல்ல சரக்கு. கசிவது மூன்றைத் தாண்டினால் குடம் நிறையவே நிறையாது.

தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் ஒரு தோட்டத்தில் மாட்டிக் கொடுத்தேன். தை மாதம் பிசகில்லாமல் அணைந்தது. சித்திரையில் பன்னிரண்டு நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று இழுத்தது. கத்திரியில் ஒருநாள் சாயங்காலம் தகரக் கூரை அனல் அடங்குமுன் அழுத்தியிருக்கிறார்கள், அணையவே இல்லை. சூடு ஏறினால் கசிவும் ஏறும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தோட்டத்துக்காரர், "ஏனுங்க, உங்க டைமரு எங்க மச்சான் மாதிரிங்க, வந்தா போறதே இல்லீங்க" என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

மாஸ்டரிடம் ஓர் அலுமினிய டிஃபன் பாக்ஸ் இருந்தது. புதிதாக வந்த கெப்பாசிட்டர்களை ராத்திரி முழுக்க ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரியில் ஊறப்போடுவார். கிடப்பில் கிடந்த எலக்ட்ரோலிட்டிக்குக் கசிவு குறைய அதுதான் வைத்தியம். மறுநாள் சார்ஜ் ஏற்றி, காலில் ஸ்பாகெட்டி மாட்டி, டிஃபன் பாக்ஸில் அடுக்கி மூடி, மத்தியானம் வெயிலில் வைப்பார். அதற்கு அடுத்த நாள் காலை கடை திறந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் கால்களை முட்டவிடுவார். சுருக்கென்று பொறி பறந்தால் டைமருக்கு. மௌனமாக இருந்தால் ரேடியோவுக்கு. பத்தில் மூன்றுதான் தேறும். மீட்டரைக் கையால் தொட மாட்டார். "மீட்டர் வெச்சா அது வழியாவே வடிஞ்சு போயிருமப்பா" என்பார். காது வைத்தே சொல்லிவிடுவார், எது எத்தனை நாள் தாங்கும் என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் குறுக்கு வழியில் போனவன்தான். 4060 ஐசி கைக்கு வந்த பிறகு இந்த ரோதனையே இல்லை. 0.1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர், கசிவு என்று சொல்வதற்கே ஒன்றும் கிடையாது. 330 கே ரெசிஸ்டர். வினாடிக்குப் பதினாலு தடவை போல அடித்து, 8192 எண்ணியதும் கடைசிக் கால் ஏறும். பத்து நிமிஷத்துக்கு ஐந்து வினாடி குறைவு. நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டியபோது மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா எண்ணுது, கணக்குப்புள்ளை மாதிரி" என்றார். அவ்வளவுதான். கடைசிவரை அவர் அதைத் தொடவில்லை.

ஆனாலும் எனக்கும் இன்றைய பிள்ளைகளுக்கும் வித்தியாசம் உண்டு என்றே நினைக்கிறேன். எதிலிருந்து தப்பித்தேன் என்று தெரிந்துதான் 4060-க்குப் போனேன். இவர்கள் போர்டு வாங்குகிறார்கள், அடுத்தவன் எழுதிய புரோகிராமை ஏற்றுகிறார்கள், பேட்டரி செத்தால் பெரிய பேட்டரி வாங்குகிறார்கள். அந்தப் போர்டைத் தூங்கவைக்கவும் வழி உண்டு, முறையாகச் செய்தால் மைக்ரோ ஆம்பியரில் நிற்கும், அதையும் படிக்கிறதில்லை. கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வந்த கடைசிப் பையன் மூன்றே வாரத்தில் செல்போன் கடைக்குப் போய்விட்டான். டிஸ்ப்ளே மாற்றினால் நாளுக்கு ஐந்நூறாம். ஈயம் வைக்கக் கூடத் தெரியாது, பசையை உருட்டி வைப்பான்.

கூகலூர்த் தம்பியின் விளக்கை, ரிலேயைக் கழற்றிவிட்டு, மாஸ்டர் சர்க்யூட்டிலேயே 4060-ஐ வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பதினேழு நாளாகிறது, பேட்டரி இன்னும் 12.6 காட்டுகிறதாம். ஆத்தாதான் போன் செய்து சொன்னார். தம்பி செய்யவில்லை.

டிஃபன் பாக்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. கெப்பாசிட்டர் சோதிக்க வேண்டியவர்கள் கொண்டுவரலாம், காசு வேண்டாம். இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.