கதிர்காமம் நோக்கி ஐந்து மோட்டார் சைக்கிள்கள்

ஆனி மாதத்து விடியற்காலை. தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் மேல் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. செல்வச்சந்நிதி முருகன் வாசலிலே ஐந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவற்றைச் சூழ்ந்து எழுவர் நின்றோம். எம் தந்தையாரும் அவருடைய நண்பர் இருவரும் எழுபதை எட்டியவர்கள். நாமும் எம் நண்பர் மூவரும் அவர்களின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லத்தக்க வேகம் படைத்தவர்களல்லர் எனினும், வயதில் பாதிக்கும் குறைந்தவர்கள். கதிர்காமம் வரை 600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடும்பயணம் அன்று தொடங்கவிருந்தது.

இந்தப் பயணத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1982ஆம் ஆண்டு தந்தையாரும், பின்னாளில் கணித ஆசிரியராக ஓய்வுபெற்ற நண்பரும், தபாலதிபராக ஓய்வுபெற்ற நண்பரும், இன்னொருவருமாக நால்வர் இதே வாசலிலிருந்து புறப்பட்டனர். மட்டக்களப்பை அடைந்தபோது கைப்பணமும் விடுமுறையும் ஒருங்கே தீர்ந்துவிட்டன. “அடுத்த வருஷம் கதிர்காமம் மட்டும் போவம்” என்று சொல்லித் திரும்பினராம். அடுத்த ஆண்டு 1983. அந்த ஆண்டு ஆடி மாதத்துக்குப் பின் அத்தகைய பயணத்தை நினைப்பதற்கும் வழியில்லாமற் போயிற்று.

நால்வரில் அந்த இன்னொருவர், 1990இல் மட்டக்களப்பிலிருந்த தம் சகோதரியைப் பார்க்கப் பஸ்ஸில் சென்றவர், திரும்பி வரவில்லை. போகுமுன் தம் ஹொண்டா 90 மோட்டார் சைக்கிளின் திறப்பைத் தந்தையார் கையிற் கொடுத்து, “வரும் மட்டும் பார்த்துக்கொள்” என்றாராம். தந்தையார் பார்த்துக்கொண்டார். வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்ட அக்காலத்தில், சூப்பிப் போத்தலினால் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் அதனை ஓட்டினார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து நடந்த இரவிலே, சனநெரிசலில் ஓட்ட முடியாமல், எம்மை அதன் முன்புறத்தில் நிற்கவைத்து நாவற்குழிப் பாலம் கடக்கத் தள்ளிக்கொண்டு போனார். அந்த வண்டிதான் அன்றும் சந்நிதி வாசலில் முதலாவதாக நின்றது.

புறப்படும் வேளையில் அந்த நண்பரின் மனைவியார் வந்தார். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சிறு முடிச்சைத் தந்தையாரிடம் நீட்டினார். கணவர் திரும்பி வந்தால் கதிர்காமத்தில் காணிக்கை செலுத்துவதாக 1990இல் அவர் நேர்ந்து முடிந்த காசு அது.

“அண்ணை, அவர் வரேல்லை. எண்டாலும் முருகனுக்கெண்டு முடிஞ்ச காசை நான் வைச்சிருக்கக் கூடாது. அவிழ்க்காமல் குடுத்துவிடுங்கோ.”

தந்தையார் அதனைச் சட்டைப்பையிலே வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். வேறொன்றும் பேசவில்லை.

முறிகண்டியும் கன்னியாவும்

கொடிகாமத்தில் ஏ-9 வீதியை அடைந்தோம். கூட்டமாகச் செல்வோருக்கு ஒரு விதி இன்றியமையாதது: மிக மெதுவான வண்டியே முன்னே செல்லவேண்டும். ஹொண்டா 90 முன்னே மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல, மற்ற நான்கும் தாய்க்கோழியின் பின் குஞ்சுகள்போலத் தொடர்ந்தன. முதல் ஒரு மணி நேரம் எம் நண்பர்களுக்கு அது பெருந்தண்டனையாக இருந்தது. ஆனையிறவைக் கடக்கையில் இருபுறமும் விரிந்த நீர்ப்பரப்பையும், அதன்மேல் தாழப்பறந்த பறவைகளையும் பார்க்க நேரம் கிடைத்தபின் எவரும் முறையிடவில்லை.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த வீதியால் எந்த வாகனமும் போவதில்லை. நாமும் ஐந்து தேங்காய் உடைத்தோம். கச்சான் வாங்கிக் கொறித்தோம். 2006ஆம் ஆண்டு மூடப்பட்ட இந்த வீதி, 2009இல் போர் முடிந்தபின் மீளத் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் கப்பலையும் விமானத்தையும் நம்பி வாழ்ந்ததை இன்றைய மாணவர் பாடமாகத்தான் அறிவர். கணித ஆசிரியர் தம் குறிப்புப் புத்தகத்தில் தூரத்தையும் எரிபொருளையும் எழுதினார். 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிடப்பட்ட நாள்முதல் அவருக்கு இவ்வழக்கம் ஏற்பட்டதாம்.

வவுனியாவிற் கட்டுச்சோற்றை அவிழ்த்துண்டு, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைப் பாதையிற் திரும்பினோம். மாலையிற் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அடைந்தோம். அருகருகே ஏழு கிணறுகள். ஒன்றன் சூடு மற்றொன்றிற்கு இல்லை. தாயின் அந்திமக் கிரியைக்காக இராவணன் நிலத்தைக் குத்த எழுந்த ஊற்றுகள் இவை என்பது ஐதீகம். நெடுந்தூரம் வண்டியிலிருந்து விறைத்த முதுகுகளுக்கு அந்த நீர் வாளி வாளியாக மருந்தாயிற்று.

மறுநாட் காலை சுவாமி மலையில் கோணேசரைத் தரிசித்தோம். 1620களில் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டிய கதையை எம் நண்பர்களுக்குத் தபாலதிபர் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கோட்டைக்குள்ளே இன்று மான்கள் அச்சமின்றி மேய்கின்றன. இராவணன் வெட்டின் விளிம்பிலே நின்று கீழே நோக்கினால் கடலின் நீலம் கண்ணைக் கூசவைக்கிறது.

பாதை இருந்த இடங்கள்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோர வீதியிலே ஆற்றுமுகங்களும் களப்புகளும் அடுத்தடுத்துக் குறுக்கிடும். முன்னாளில் அவற்றைத் தாண்ட வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைகள் இருந்தன. கிழக்கு மாகாணத்தார் அவற்றைப் ‘பாதை’ என்பர். கிண்ணியாவிற் பாதைக்குக் காத்திருந்த வேளையில் தம் நண்பர், கரையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்துக் கைப்பணத்தைக் கரைத்ததைத் தந்தையார் நினைவுகூர்ந்தார். “மட்டக்களப்போட நாங்கள் திரும்பினதுக்கு அவன்தான் காரணம்” என்று கணித ஆசிரியர் சொல்ல, மூவரும் சிரித்தனர். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது. ஒரு நிமிடத்திற்குள் அதனைக் கடந்துவிட்டோம். அக்கரையில் தந்தையார் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். காத்திருப்பதற்கு அங்கே இப்பொழுது ஒன்றும் இல்லை.

மூதூரைத் தாண்டி வெருகலை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் மரநிழலிலே காவியுடுத்த அடியார் சிலர் இளைப்பாறிக்கொண்டிருந்தனர். சந்நிதியிலிருந்து வேலை முன்னே தாங்கி, முல்லைத்தீவு வழியாகக் கரையோரமே நடந்து கதிர்காமம் செல்லும் பாதயாத்திரைக் குழுவினர் அவர்கள். நாம் இரண்டாம் நாளில் எட்டிய இடத்தை அவர்கள் பல வாரங்களில் எட்டியிருந்தனர். அவர்களுள் ஓர் அம்மையார் எம் வண்டிகளைப் பார்த்து நகைத்து, “சாமிமார் காத்தில பறக்கிறியள், நாங்கள் ஆடிக் கொடியேற்றத்துக்கு வந்துசேருவம்” என்றார். கொண்டுசென்ற பனங்கட்டியில் ஒரு பொதியை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

அன்றிரவு மட்டக்களப்பு. கல்லடியில், ஆசிரியரின் முன்னாள் மாணவர் வீட்டிலே, “இருங்க மனே, சாப்பிட்டுத்தான் பேச்சு” என்று அவருடைய தாயார் எம்மை இருத்தி, சோற்றின்மேற் சட்டித் தயிரைக் கவிழ்த்தார். உணவுக்குப் பின் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தின்மீது நடந்தோம். 2013இல் புதிய பாலம் பக்கத்தில் அமைந்தபின் பழையது நடப்போருக்கு உவப்பாயிற்று. வாவியின் பாடும் மீன்களைக் கேட்கவேண்டுமாயின் நிலாக் காலத்தில் தோணியிற் சென்று, துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையிற் காதை வைக்கவேண்டும் என்பார்கள். எமக்கு அவை கேட்கவில்லை. தந்தையாரும் நண்பர் இருவரும் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றனர். காணாமற்போன நண்பர் இந்நகரில் வந்து இறங்கினாரா, வழியிலேயே மறைந்தாரா என்பது எவருக்கும் தெரியாது. அவரது சகோதரி இருந்த தெருவைத் தந்தையார் மறுநாட் காலையில் தனியே சென்று பார்த்து வந்தார். வீடு இருந்ததாம், அதிலிருந்தோர் வேற்றார்.

உகந்தை தாண்டி

மட்டக்களப்பின் தெற்கே வீதி கடலோடு ஒட்டிச் செல்லுகிறது. தமிழூர் ஒன்று, முஸ்லிம் ஊர் ஒன்று என்று கோத்த மாலைபோல ஊர்கள் அமைந்துள்ளன. மருதமுனையிலே தறியோசை கேட்டது; சாரம் வாங்காமற் செல்ல எவருக்கும் மனம் வரவில்லை. காரைதீவிலே, யாழ் நூல் தந்த சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊரில் என்பதற்காகவே வண்டிகளை நிறுத்தித் தேநீர் அருந்தினோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரம் முழுவதையும் வாரிச் சென்றது. இன்று வீடுகள் எழுந்துவிட்டன. எனினும் பேச்சிடையே அந்த நாள் தானே வந்து விழுகிறது. திருக்கோவிலை வணங்கி, மாலையிற் பொத்துவிலில் தங்கினோம்.

நான்காம் நாள் பாணமைக்கு அப்பால் உள்ள கிரவல் வீதியில் உகந்தைமலை முருகனை நோக்கிச் சென்றபோதே இடர் வந்தது. மணல் குவிந்த ஒரு வளைவில் ஹொண்டா 90 சறுக்கித் தந்தையார் விழுந்தார். முழங்கால் சிராய்ந்து குருதி கசிந்தது. அவர் முதலில் தொட்டுப் பார்த்தது சட்டைப்பையை. முடிச்சு பத்திரமாக இருந்தது. காயத்தைக் கழுவிக் கட்டியபின் மறுபடியும் தாமே ஓட்டினார். எனினும் அவருடைய இடக்கை நடுங்கியதை நாம் கண்டோம்.

உகந்தையிலிருந்து காட்டுவழியே, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, அடியார்கள் நான்கைந்து நாள் நடந்து கதிர்காமம் சேர்வர். அந்த வழி ஆடித் திருவிழாவையொட்டியே திறக்கப்படும். வனவிலங்குச் சரணாலயத்தினுள் மோட்டார் சைக்கிள்களுக்கு எக்காலத்திலும் இடமில்லை. ஆகவே பொத்துவிலுக்குத் திரும்பி, லகுகலை, சியம்பலாண்டுவை, மொனராகலை, புத்தளை என்று 150 கிலோமீற்றருக்கு மேல் சுற்றவேண்டியதாயிற்று. நடப்பவனுக்குத் திறக்கும் கதவு வண்டியில் வருபவனுக்குத் திறவாது என்று தபாலதிபர் வேடிக்கையாகச் சொன்னார்.

மொனராகலையில் இரவைக் கழித்து, ஐந்தாம் நாட் காலை புத்தளையை அடைந்தோம். அங்கே தந்தையார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “தம்பி, இனி நீ ஓட்டு. நான் பின்னுக்கு இருக்கிறன்” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளாக வேறெவர் கையிலும் அவர் அந்தத் திறப்பைக் கொடுத்ததில்லை. எம் வண்டியை நண்பர் ஒருவர் ஏற்க, நாம் ஹொண்டாவில் அமர்ந்தோம். ஒருகாலத்தில் முன்புறம் நின்ற எமக்குப் பின்னே இப்பொழுது அவர் இருந்தார். எடை மிகக் குறைந்திருந்தார்.

புத்தளை–கதிர்காம வீதி காட்டினூடே செல்வது. அவ்வீதியிலே யானைகள் வாகனங்களை மறித்து உணவு கேட்பது வழக்கம். பயணிகள் இரக்கத்தாற் பழம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிய பழக்கம் அது. யானைக்கும் மனிதருக்கும் அதனால் தீங்கே விளைகிறது. நாம் சென்றபோதும் ஒரு கொம்பன் வீதியின் ஓரத்தில் நின்றது. எமக்கு முன் நின்ற பஸ்ஸின் நடத்துநர் சைகை காட்டினார். யானைக்கும் எமக்கும் நடுவே பஸ் இருக்குமாறு, அதன் மறுபக்கத்தோடு ஒட்டி ஐந்து வண்டிகளும் ஊர்ந்தன. தந்தையாரின் கை எம் தோளை இறுகப் பற்றியிருந்தது. அரைக் கிலோமீற்றர் தாண்டியபின்னரே அப்பிடி தளர்ந்தது. இவ்வழியாற் செல்லும் இளைஞர்கள் பகலிலேயே செல்லவேண்டும், தனியே செல்லலாகாது, யானைக்கு உணவு கொடுத்தலும் ஆகாது.

காணிக்கை

மாணிக்க கங்கையில் நீராடி, அர்ச்சனைத் தட்டோடு சந்நிதானத்துக்குச் சென்றோம். அங்கே திருவுருவம் இல்லை. முருகன் வடிவம் தீட்டிய திரையே தரிசனம். தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நின்றனர். தந்தையார் பழங்களின் நடுவே மஞ்சள் முடிச்சை அவிழ்க்காமல் வைத்துத் தட்டை நீட்டினார்.

கப்புறாளை தட்டை வாங்கி, தெரிந்த தமிழில், “யார் பேர்?” என்று கேட்டார்.

தந்தையார் தயங்கினார். இருப்பவர் பெயருக்கு வேண்டுவது ஒன்று, இல்லாதவர் பெயருக்கு வேண்டுவது வேறொன்று அல்லவா? பின்னால் வரிசை காத்திருந்தது. கணித ஆசிரியர் தந்தையாரின் முதுகிலே கையை வைத்தார். தந்தையார் நண்பரின் பெயரை மாத்திரம் சொன்னார். அதற்குமேல் கப்புறாளையும் கேட்கவில்லை. முடிச்சு திரைக்குப் பின்னே போயிற்று. தட்டு, திருநீற்றோடும் பூவோடும் திரும்பி வந்தது.

கணித ஆசிரியரின் கணக்குப்படி ஹொண்டா 90 அதுவரை குடித்த பெற்றோல் 13 லீற்றர். இளையோரின் வண்டிகள் இரண்டுக்கு இடையில் ரயர் காற்றுப்போயிற்று. அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அந்த அம்மையார் வீட்டிற்குச் சென்றோம். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் தும்புத்தடியைச் சுவரோடு சாத்திவிட்டு, “குடுத்தாச்சோ அண்ணை?” என்றார்.

“குடுத்தாச்சு, தங்கச்சி.”

திருநீற்றை வாங்கி நெற்றியிலே பூசிக்கொண்டு, எல்லோரையும் உள்ளே வந்து இருக்கச் சொல்லித் தேநீர் வைக்கச் சென்றார். தந்தையார் ஹொண்டாவின் திறப்பை எடுத்து அவ்வீட்டு மேசைமேல் வைத்தார். தேநீரோடு வந்த அம்மையார் அதனைக் கண்டார்; கண்டு, திரும்ப எடுத்து எம் கையிலே வைத்தார்.

“அவர் பார்த்துக்கொள்ளத்தானே சொன்னவர்,” என்றார்.