தாத்தாவின் சைக்கிள் பை

எங்கள் வீட்டில் ஒரு காக்கிக் கித்தான் பை இருக்கிறது. மாமனார் இருபது வருஷம் சைக்கிளில் மாட்டிக்கொண்டு திரிந்த பை. புரட்டாசி வந்தால் போதும், திண்ணையில் உட்கார்ந்து, எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை அதன் மேல் தேய்த்துக்கொண்டிருப்பார். 'பெரியவருக்குப் பொழுது போகலை' என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவர் காலமான பிறகு பை என் மகளிடம் வந்தது. ப்ளஸ் டூ படிக்கிறாள். பையோ பிசுபிசுவென்று இருந்தது. நான் சும்மா இருப்பேனா? வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் தெப்பமாக நனைந்து வந்தாள். பைக்குள் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு. மை ஊறிப் பக்கமெல்லாம் ஒரே நீலம். "தாத்தா இருந்தப்போ ஒரு சொட்டு உள்ளே போகாதேம்மா" என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி நான் கோடு போட்டுக் கொடுக்க, அவள் எழுத, விடிந்தே போயிற்று.

பிசுக்கு என்று நான் நினைத்தது அழுக்கல்ல, மெழுகு. அதை வெந்நீரும் சோப்பும் எடுத்துவிட்டன. துணியில் தங்கிவிடும் சோப்பு தண்ணீரை உள்ளே இழுக்கவும் செய்யுமாம்!

மறுபடி மெழுகு ஏற்றினேன். முதலில் பச்சைத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்தேன். இரண்டு பங்கு மெழுகுவர்த்திக்கு ஒரு பங்கு தேன்மெழுகு. நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. வெறும் மெழுகுவர்த்தி என்றால் மடிப்பில் வெடித்து உதிரும். மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, ஆறவிட்டுக் கட்டியாக்கிக்கொண்டேன். அந்தக் கட்டியைத் துணியில் அழுத்தித் தேய்த்து, மேலே பழைய வேட்டித் துண்டைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் ஓட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கிவிடுகிறது. தையல் ஓரங்களுக்கு மட்டும் இரண்டு தடவை. ஊசி போன ஓட்டை வழியாகத்தானே தண்ணீர் நுழைகிறது! முடித்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு இலையில் மாதிரி உருண்டு ஓடியது.

என்னதான் மெழுகினாலும் மணிக்கணக்கில் கொட்டும் மழைக்குக் கசியத்தான் செய்யும். நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டே அனுப்புகிறேன்.

இப்போது சேறு பட்டால் காயவிட்டுத் தட்டி, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. நனைந்து வந்தால் வாயைத் திறந்து நிழலில் தொங்கவிடுவேன். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சைக் காளான் பூத்துக் கரும்புள்ளி விழும், அது போகவே போகாது. உச்சி வெயிலிலும் போடுவதில்லை, மெழுகு இளகிவிடும்.

கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியின் அடிக்கட்டைகளை ஒரு டப்பாவில் சேர்த்து வருகிறேன். வருகிற புரட்டாசிக்குத் தேய்க்கும் வேலை தன்னுடையது என்று மகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.