தப்பித்தவன் மாட்டிக்கொள்ளும் கதை

கொள்ளைக் கதை எழுத உட்காருகிறவன் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, கொள்ளை ஜெயிக்குமா தோற்குமா என்பதைத்தான். மாத நாவல்களுக்குக் குற்றக் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஜெயிக்க வேண்டும். அதுவும் கதை பாதியைத் தாண்டுவதற்குள் ஜெயித்துவிட வேண்டும். தோற்ற கொள்ளை விலங்கு மாட்டியதோடு முடிந்துபோகும். ஜெயித்த கொள்ளை என்றால், செய்தவன் மறுநாள் காலை எழுந்து, பல் தேய்த்து, எதுவும் நடக்காததுபோல வேலைக்குப் போயாக வேண்டும். வழியில் பார்ப்பவர்களிடம், “யாருங்க அடிச்சிருப்பாங்க?” என்று அவனும் கேட்டாக வேண்டும். என் கணக்கில் கதை அந்தக் காலையில்தான் தொடங்குகிறது.

இதை எனக்குப் புரியவைத்தது சார்லஸ் வில்லியம்ஸ் எழுதிய ‘ஹெல் ஹாத் நோ ஃப்யூரி’. 1953-இல் வந்த அமெரிக்க நாவல். ‘தி ஹாட் ஸ்பாட்’ என்ற இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. டென்னிஸ் ஹாப்பர் 1990-இல் அந்தப் பெயரில்தான் படமாக எடுத்தார். வில்லியம்ஸ் டெக்சாஸில் 1909-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வணிகக் கப்பலில் சேர்ந்து, சுமார் பத்து வருடம் கடலில் இருந்தார். கரைக்கு வந்த பிறகும் ரேடியோ, மின்னணுக் கருவி என்று கைவேலைதான். முதல் நாவல் ‘ஹில் கேர்ள்’ 1951-இல் வந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அதை வெளியிட்ட ‘கோல்ட் மெடல்’ வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபாசெட் நிறுவனம் 1950-இல் தொடங்கிய வரிசை அது. அதற்கு முன் அமெரிக்காவில் மலிவு அட்டைப் புத்தகம் என்றால் பெரும்பாலும் கெட்டி அட்டையில் வந்ததன் மறுபதிப்புதான். இவர்கள் புதுக் கதையையே நேராக இருபத்தைந்து சென்ட் புத்தகமாக அச்சிட்டார்கள். எழுத்தாளனுக்குப் பணத்தை எத்தனை விற்றது என்று பார்த்துத் தரவில்லை. எத்தனை அச்சடித்தோம் என்று பார்த்துத் தந்தார்கள். மருந்துக் கடையிலும் பஸ் நிலையத்திலும் கம்பி ஸ்டாண்டில் சுழன்ற புத்தகங்கள் அவை. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவலுக்கு அவற்றைத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். வாங்கியவன் பஸ் கிளம்புவதற்குள் முதல் பக்கத்தைப் புரட்டுவான். அங்கே அவனைப் பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்கவே முடியாது. இந்த நெருக்கடியில் எழுதுகிறவனுக்குத்தான் வில்லியம்ஸின் சிக்கனம் புரியும்.

கதை இது. ஹாரி மேடாக்ஸ் எந்த வேலையிலும் ஊரிலும் நிலைக்காதவன். டெக்சாஸில் ஒரு சின்ன ஊருக்கு வந்து, ஹார்ஷா என்பவரின் பழைய கார் விற்கும் இடத்தில் சேல்ஸ்மேனாகச் சேர்கிறான். ஒருநாள் ஊரில் தீப்பிடிக்கிறது. கடை, ஆபீஸ் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊரே வேடிக்கை பார்க்க ஓடுகிறது. அந்த நேரத்தில் பேங்க்கில் பெயருக்குத்தான் ஆள் இருக்கிறது. மேடாக்ஸ் இதைப் பார்க்கிறான், அவ்வளவுதான். பிறகு அவனே ஒரு தீயை மூட்டுகிறான், தான் வேறிடத்தில் இருக்கும்போது தானாகப் பற்றிக்கொள்ளும்படி நேரம் வைத்து. ஊர் தீயைப் பார்க்கப் போகிறது. அவன் பேங்க்குக்குப் போகிறான்.

இந்த இடத்தை எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். வில்லியம்ஸ் பேங்க்கின் பலவீனத்தைத் தேடிப் போகவில்லை, ஊரின் பழக்கத்தைத் தேடிப் போனார். பெட்டகம் எத்தனை அங்குலம், காவலாளியின் துப்பாக்கி என்ன ரகம் என்று விவரம் அடுக்கினால் வாசகன் மலைப்பான், நம்ப மாட்டான். தீ என்றால் ஜனம் ஓடும் என்பதை அவன் உடனே நம்புவான், ஏனென்றால் அவனும் ஓடியிருக்கிறான். உள்ளூர்க்காரனுக்கு அந்தப் பழக்கம் கண்ணில் படாது. ஓடுகிறவர்களில் அவனும் ஒருவன். வந்தேறிக்குத்தான் நின்று பார்க்கத் தோன்றும். கதைக்கு ஊர்சுற்றி ஏன் தேவை என்ற கேள்விக்கு முதல் பதில் இது. அவனுடைய துணிச்சலைவிட அவன் ஒட்டாத கண்தான் அவனை இந்தக் கதைக்கு உரியவனாக்குகிறது.

இரண்டாவது பதில் கொள்ளைக்குப் பிறகு வருகிறது. பணம் கையில் இருக்கிறது, ஆனால் மேடாக்ஸ் கிளம்ப முடியாது. ஊரில் பேங்க் கொள்ளை போன வாரத்தில், நேற்று வந்த ஒருவன் பெட்டியைக் கட்டினால் அது வாக்குமூலம் கொடுத்ததற்குச் சமம். இதுவரை எந்த ஊரையும் கேட்டுக்கொண்டு விட்டவனில்லை அவன். இப்போது முதல்முறையாக ஓர் ஊரில் இருந்தே தீர வேண்டும். பணத்தை ஒளித்துவைத்துவிட்டு, வழக்கம்போல கார் விற்றாக வேண்டும். சுற்றித் திரியும் சுதந்திரத்தை நீட்டிக்கத்தான் பணம் எடுத்தான். எடுத்த நிமிஷமே அந்தச் சுதந்திரம் போய்விட்டது.

போலீஸுக்கு அவன்மேல்தான் சந்தேகம். வெளியூர்க்காரன், தனியாள், தீ எரிந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதிலை நிரூபிக்க ஒருவரும் இல்லை. அப்போது ஹார்ஷாவின் மனைவி டோலரஸ் முன்வந்து, அவனைத் தீ நடந்த இடத்தில் பார்த்தேன் என்கிறாள். அவன் விடுதலையாகிறான். குற்றக் கதைகளில் நான் படித்த மிகக் கொடூரமான விடுதலை இது. அவள் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இனி அவளுக்குத் தோன்றும்போது அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் குளோரியா என்ற நல்ல பெண். ஹார்ஷாவின் கடன் கொடுக்கும் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். சட்டன் என்பவன் அவளை மிரட்டிப் பணம் பறிக்கிறான். மேடாக்ஸ் அவளை விரும்புகிறான், அவளுக்காகக் கொலையும் செய்கிறான். அவன் செய்யும் நல்லதும் கெட்டதும் சேர்ந்து டோலரஸின் கைக்கே போய்ச் சேர்கின்றன. கடைசியில் அவளை அவன் கொல்லவும் முடியாது, விட்டு ஓடவும் முடியாது. தனக்கு ஏதாவது நேர்ந்தால் வெளியே வரும்படி உண்மையை அவள் எழுதிவைத்திருக்கிறாள். தூக்கு, சிறை எதுவும் இல்லை. தண்டனையாகக் கிடைப்பது ஒரு பெண்ணோடு, ஒரே இடத்தில், நிரந்தரமான வாழ்க்கை. மற்றவர்கள் வரமாகக் கேட்பதை ஊர்சுற்றிக்கு ஆயுள்தண்டனையாகக் கொடுத்துவிட்டார் வில்லியம்ஸ்.

இந்த வகை நாவல்களில் நல்லவை எல்லாமே இந்த அச்சில்தான் சுழல்கின்றன என்பது நான் கண்டது. ஜேம்ஸ் எம். கெய்னின் ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் டுவைஸ்’ 1934-இல் வந்தது. பேங்க்கும் இல்லை, கொள்ளையும் இல்லை. சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேரும் ஃபிராங்க் சேம்பர்ஸ், கடைக்காரரின் மனைவி கோரா, இருவரும் சேர்ந்து செய்யும் கொலை. அதற்குள் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. கொலை நடப்பதற்கு முன் இருவரும் கடையை விட்டுவிட்டுச் சாலையில் நடக்கத் தொடங்குகிறார்கள். கோராவால் முடியவில்லை, திரும்பிவிடுகிறாள். அவளுக்குக் கடை வேண்டும், அவனுக்குச் சாலை வேண்டும். அவள் திரும்பி நடந்த அந்த இடத்திலேயே கொலை முடிவாகிவிட்டது என்று படிப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

எலியட் சேஸின் ‘பிளாக் விங்ஸ் ஹாஸ் மை ஏஞ்சல்’ 1953-இல் அதே கோல்ட் மெடலில் வந்தது. சிறையிலிருந்து தப்பிய ஒருவன், வர்ஜினியா என்ற பெண்ணோடு சேர்ந்து, டென்வரில் பணம் கொண்டுபோகும் கவச வண்டியைக் கடத்தி, கைவிடப்பட்ட சுரங்கக் குழிக்குள் தள்ளிவிடுகிறான். அதுவும் ஜெயித்த கொள்ளைதான். பணம் வந்த பிறகு அவர்களுக்கு அதை வைத்துக்கொண்டு வாழத் தெரியவில்லை. நாவலின் வலி எல்லாம் அங்கே இருக்கிறது.

தமிழ் மாத நாவலில் இந்த வகை குறைவு. அதற்குக் காரணம் உண்டு. நம் குற்றக் கதை வளர்ந்தது துப்பறிகிறவர்களை வைத்து. சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி. வாசகன் அவர்களைத் தேடித்தான் கடைக்கு வந்தான். குற்றவாளி மாதம்தோறும் மாறுவான், துப்பறிகிறவர் திரும்பி வருவார். அந்த முறையில் அருமையான கதைகள் வந்திருக்கின்றன, நான் வளர்ந்ததும் அவற்றில்தான். ஆனால் துப்பறிகிறவர் நுழைந்ததும் கதையின் கேள்வி, யார் செய்தது என்பதாகிவிடும். ஊர்சுற்றியின் கதையில் யார் செய்தது என்பது முதலிலேயே தெரியும். யாருக்கெல்லாம் தெரியும் என்பதுதான் கேள்வி.

அதனால் இந்த வகைக் கதை எழுதும்போது நான் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்கிறேன். ஆள், அவருக்குத் தெரிந்தது, அவருக்கு வேண்டியது. சம்பவங்களை வரிசைப்படுத்துவது பிறகு. இந்தத் தாள் நிரம்பினால் கதை தானே ஓடும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடை போடும் வேலைக்கு வந்த ஒருவனைப் பற்றி எழுதினேன். மண்டிக்காரரின் பணப்பை போகிறது, போலீஸ் அவனைக் கூப்பிடுகிறது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மா, “அந்தத் தம்பி அந்நேரத்துக்கு இங்கதானுங்க சார் டீ குடிச்சிட்டிருந்துச்சு” என்கிறார். அவன் அங்கே இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் அந்த அம்மா பணத்தில் பங்கு கேட்டிருந்தால் கதை சாதாரணமாகப் போயிருக்கும். தாளில் அவர் பெயருக்கு நேரே, வேண்டியது என்ற பத்தியில், ‘வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை’ என்று எழுதியிருந்தேன். எனவே அவர் கேட்பது, “கூரையில ரெண்டு ஓடு ஒடஞ்சிருக்குது தம்பி, ஞாயித்துக்கெழம வந்து மாத்திக் குடு” என்பதுதான். மாற்றிக் கொடுக்கிறான். அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசை. அதற்கடுத்து மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு தடவைகூட மிரட்டவில்லை, பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்பது சின்னதாக ஆக ஆக அவனுக்குப் பயம் கூடுகிறது. பெரிய தொகை கேட்டால் ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடிக்கலாம். ஓடு மாற்றுகிற கடனுக்கு முடிவே கிடையாது.

குரலைப் பற்றியும் ஒன்று. மேடாக்ஸ் தன் கதையைத் தானே சொல்கிறான். தன்னிலையில் சொல்லும் குற்றவாளி அழுதால் புத்தகம் செத்தது. தத்துவம் பேசினாலும் செத்தது. பார்த்ததையும் செய்ததையும் அவன் சொல்லிக்கொண்டே போக வேண்டும், தொழில்காரன் தன் வேலையைச் சொல்வதுபோல. நியாயம் கற்பிக்கிற வாக்கியம் வந்தால் திருத்தும்போது நான் முதலில் அடிப்பது அதைத்தான். வறுமை, அநாதைப் பருவம், துரோகம் என்று முன்கதை வைத்து அனுதாபம் தேடவும் வேண்டாம். சாப்பிட உட்கார்ந்தவன் கதவு தெரிகிற நாற்காலியைத் தேர்ந்தெடுத்தான் என்று எழுதினால் அவன் கடந்தகாலம் அதிலேயே வந்துவிடும்.

எழுத வருகிற இளைஞர்கள் திட்டம் போடுவதில் மாதக்கணக்கில் மினக்கெடுகிறார்கள். சிசிடிவியை எப்படி ஏமாற்றுவது, செல்போன் டவரில் எப்படி மாட்டாமல் இருப்பது என்று கேட்டு எழுதுகிறார்கள். கேளுங்கள், தப்பில்லை; ஓட்டையுள்ள திட்டத்தை வாசகன் மன்னிக்க மாட்டான். ஆனால் அதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, உங்கள் ஆள் வந்திறங்கும் ஊரில் அவனுக்காக யார் பொய் சொல்வார்கள், ஏன் சொல்வார்கள் என்று யோசிக்கச் செலவிடுங்கள். அந்த ஆள் கிடைத்துவிட்டால் எழுத உட்காரலாம். கிடைக்கவில்லையென்றால், எவ்வளவு அழகான திட்டமாக இருந்தாலும் தொடங்க வேண்டாம்.