கேஸ் முடிவதில்லை

கலஹாவில் ஏ.சீ. மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் ஊரில் போர்வைக்குத்தான் கிராக்கி. தோஹாவில் 11 வருஷம் செய்த தொழிலை இப்போது நான் செய்வது பேராதனையிலும் கண்டியிலும்தான். காலையில் ஹிந்தகல வழியாக பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவேன்.

ஆனாலும் இத்தொழிலின் முதல் பாடம் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் தெல்தோட்டைப் பக்கம்தான். கொழுந்தை வலைத்தட்டில் பரப்பி, மின்விசிறியால் காற்றைச் செலுத்தி வாட்டுவார்கள். அளவுக்கு மிஞ்சிக் குவித்தால் காற்று ஊடுருவாது, வாட்டம் கெட்டுவிடும். ஏ.சீ.க்கும் காற்றோட்டம்தான் உயிர்.

கண்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாரிசவாதத்தில் படுத்திருக்கும் மனைவிக்காக ஏ.சீ. பூட்டியிருந்தார். இரண்டு வருஷத்தில் மூன்று தரம் “கேஸ் முடிஞ்சு போச்சு” என்று சொல்லி, நிரப்பிக் காசு வாங்கிப் போயிருந்தார்கள்.

“தம்பி, இது அடுப்பு கேஸா எரிஞ்சு முடிய?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. ஏ.சீ.யிலுள்ள வாயு மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி, அறையின் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அது குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். வெளி மெஷினில் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. சவர்க்கார நுரை பூசினேன், குமிழி வந்தது. குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்துப் பூட்டி, உள்ளிருந்த காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்தபின், தராசில் நிறுத்து வாயு நிரப்பினேன். ஒழுகும் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ வெளியேறினால், அது சுமார் 2,000 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

மற்றக் கோளாறுகளில் பாதி, வீட்டுக்காரரே பார்க்கக்கூடியவை. குளிர் குறைந்து சுருளில் ஐஸ் பிடித்தால், சுவிட்சை அணைத்துவிட்டு வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். அறைக்குள் தண்ணீர் சொட்டினால் வடிகால் குழாயில் பாசி அடைத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் நாலைந்து நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். உள்ளே அழுத்தம் சமப்பட வேண்டும். 2022 மின்வெட்டுக் காலத்தில் நான் அதிகம் சொன்னது இதைத்தான்.

இங்கிலாந்திலிருக்கும் தங்கச்சி மகன் ஒரு ஜனவரியில் பதறிப்போய் போன் எடுத்தான். “மாமா, வெளி மெஷினால புகை வருது!” அவன் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப். அதே வேலையை மறுபுறமாகச் செய்து, வெளிச்சூட்டை வீட்டுக்குள் கொண்டுவருவது. வெளிச்சுருளில் உறைந்த பனியை அது தானே உருக்கும்போது எழும் ஆவியைத்தான் புகை என்று நினைத்திருக்கிறான். “கை வைக்காதே, கொஞ்ச நேரத்தில் அடங்கும்” என்றேன். அடங்கியது.

கேஸ் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எங்கே ஒழுகுகிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமல் நிரப்பப் பார்ப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.