ஆறு கோடும் ஒரு தலையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே வாசியுங்கள், இல்லாதவர்கள் பிறகு ஆறுதலாக வந்து வாசியுங்கள்.

கல்முனைப் பக்கமிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி நாவிதன்வெளிப் பகுதிக்குப் படிப்பிக்கப் போய்வருகிறவர்களில் நானும் ஒருவன். வெயில் காலத்தில் அது நல்ல பயணம். இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்கு, தோணி, வலை வீசுகிறவர்கள். மாரி வந்தால் கதை வேறு. தண்ணீர் தாம்போதியை மேவிப் பாயும். அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் வருவது அல்லாஹ்வின் நாட்டம்தான்.

என் வகுப்பில் ஒரு பையன். தரம் நான்கு. பெயர் வேண்டாம். எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் பாதியைச் சொல்வான். "சேர்த்து வாசி மகன்" என்றால் மேசையைப் பார்ப்பான். கரும்பலகையில் இருப்பதை அப்படியே பார்த்துக் கீறிவிடுவான், எழுத்தும் அழகாக இருக்கும், ஆனால் என்ன எழுதினான் என்று அவனுக்கே தெரியாது. என்னுடைய குறிப்புக் கொப்பியில் அவனுடைய பெயருக்கு நேரே "வாசிப்பு இல்லை" என்று எழுதி வைத்திருந்தேன். பேனையால்தான் எழுதியிருந்தேன். பென்சிலால் எழுதியிருக்கலாம்.

வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் யாருக்கும் படிப்பு ஏறாது. விஜய் டிவியில் ஜெகன் நடத்திய கனெக்ஷன் நிகழ்ச்சி ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மூன்று படங்களைக் காட்டி அதிலிருந்து ஒரு படத்தின் பெயரையோ பாட்டையோ பிடிக்கச் சொல்வார்கள். எங்கள் வீடுகளிலும் விடாமல் பார்த்தார்கள். அதையே ஊர்ப் பெயர்களை வைத்துச் செய்தேன். ஒரு கல்லும் ஒரு பென்சில் கூரும் கீறினேன், கல்முனை என்றார்கள். சரிந்து நிற்கும் ஒரு மரம், சாய்ந்தமருது. கத்தரிக்கோலும் வயலும் கீறினேன். ஒருவன் எழும்பி "சலூன்வெளி சேர்" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளைக்கு நாவிதன் என்ற சொல் ஊர்ப் பெயருக்குள் மட்டும்தான் இருக்கிறது, கடைக்குப் பெயர் சலூன். பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று ஐந்து புதிரில் நான்கை முதலில் அவிழ்த்தது யார் தெரியுமா? மேசையைப் பார்க்கிற அந்தப் பையன். எனக்கே நம்ப முடியவில்லை. காது அவ்வளவு கூர்மை. சொல்லை உடைக்கவும் தெரிகிறது, ஒட்டவும் தெரிகிறது. அப்படியென்றால் இத்தனை மாதமும் அவனுக்கு எது வரவில்லை, எனக்கு எது வரவில்லை என்ற கேள்வியோடுதான் வீட்டுக்குப் போனேன்.

அன்றிரவு தேடி வாசிக்கத் தொடங்கினேன். விளையாட்டு என்று நினைத்தது விளையாட்டே இல்லை. மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட வழியே இதுதான்.

மாட்டைக் கீறினால் மாடு என்று யாருக்கும் விளங்கும். உயிர் என்பதை எப்படிக் கீறுவது? சுமேரியர்கள் 5000 வருடங்களுக்கு முன் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். அவர்களுடைய மொழியில் அம்புக்கும் 'தி', உயிருக்கும் கிட்டத்தட்ட அதே ஓசை. அம்பைக் கீறிவிட்டு உயிர் என்று வாசித்தார்கள். படம் பொருளை விட்டு ஓசையைப் பிடித்துக்கொண்ட இடம் அது. எகிப்தில் நார்மர் என்று ஒரு மன்னர், கி.மு. 3100 அளவில். அவருடைய பெயரை எழுத ஒரு கெளுத்தி மீனையும் ஓர் உளியையும் செதுக்கினார்கள். மீன் 'நர்', உளி 'மெர்'. அந்தக் கற்பலகை 1898இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. மன்னருக்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கல்முனைக்கும் பென்சிலுக்கும் இருக்கிற சம்பந்தம்தான்.

இதை நம்முடைய கட்சிச் சின்னங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மரம், மயில், குதிரை, வீடு என்றால் நமக்குக் கட்சி விளங்கும், ஆனால் அங்கே ஓசை இல்லை. மரம் என்ற சொல்லில் கட்சியின் பெயர் இல்லை. மாட்டுக்குச் சுடும் குறியும் அப்படித்தான், யாருடைய மாடு என்று சொல்லும், வாசிக்க வராது. படம் வாயைத் திறந்து ஒலித்தால்தான் எழுத்து. (தேர்தல் காலத்தில் சின்னங்கள் ஒலிபெருக்கியில் ஒலிப்பது வேறு விசயம்.)

ஓதப் போகிற நம்முடைய பிள்ளைகளுக்கு இதில் இன்னொன்றும் சொல்லலாம். அறபு எழுத்து ஐன் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு அறபியில் கண் என்று அர்த்தம். சீனாய்ப் பாலைவனத்துச் சுரங்கங்களின் அருகே 1905இல் பிளின்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த பழைய எழுத்துகளில் அது உண்மையாகவே ஒரு கண்ணின் படம். நூன் என்றால் மீன். யூனுஸ் நபியைக் குர்ஆன் துன்னூன், மீனுக்குரியவர், என்று அழைப்பது நமக்குத் தெரியும். அந்த எழுத்தின் ஆதிப்படம் மீனா பாம்பா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அது கிடக்கட்டும். இங்கே நடந்தது ஊர்ப் பெயர்ப் புதிரிலிருந்து கொஞ்சம் வேறானது, படத்தின் முழு ஓசையை விட்டு முதல் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அரிச்சுவடியில் அணிலைப் போட்டு 'அ' என்கிறோமே, அது.

அரிச்சுவடி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பயிற்சித் தாளில் தாயும் பிள்ளையும் உள்ள படம், கீழே முதல் எழுத்தை எழுத வேண்டும். விடை 'அ'. ஒரு பிள்ளை 'உ' என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தாய் உம்மா. எனக்கும் உம்மாதான். இருந்தும் பிழை போட்டேன், விடைத்தாளில் அப்படி இருந்தது என்பதற்காக.

இனி மீனுக்கு வருகிறேன். மீன்பாடும் தேன்நாடு என்று மட்டக்களப்பைச் சொல்கிற நாம் இதை அறிந்திருக்க வேண்டும். சிந்துவெளி முத்திரைகளில் அதிகம் வருகிற குறிகளில் ஒன்று மீன். பம்பாயிலிருந்த ஹெராஸ் பாதிரியார் அதை மீன் என்றே தமிழ் ஓசையில் வாசிக்கலாம் என்றார். மீன் என்றால் தமிழில் விண்மீனும்தானே. பின்லாந்தின் அஸ்கோ பர்ப்போலா அதை விரித்து எழுதினார். மீனுக்குப் பக்கத்தில் ஆறு கோடு இருந்தால் அறுமீன், அது கார்த்திகைக் கூட்டம். ஏழு கோடு என்றால் எழுமீன், வடக்கு வானத்தின் ஏழு நட்சத்திரம். இரண்டு பெயரும் சங்கப் பாடல்களில் இருக்கின்றன. வாசிக்கும்போது மயிர் கூச்செறிந்தது. ஆனால் இது நிரூபணம் இல்லை, அழகான ஊகம். ஐராவதம் மகாதேவன் 1977இல் 417 குறிகளை அட்டவணைப்படுத்தித் தந்தார், வாழ்நாள் முழுக்க உழைத்து 2018இல் காலமானார், முத்திரைகள் இன்னும் பேசவில்லை. சராசரியாக ஐந்து குறிகள்தான் ஒரு முத்திரையில். ரோசெட்டாக் கல்லைப் போல இருமொழிக் கல் ஒன்றும் கிடைக்கவில்லை. அது எழுத்தே இல்லை என்று 2004இல் மூன்று பேர் கட்டுரை எழுதினார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர், விளங்கவைப்பவருக்குப் பத்து இலட்சம் டொலர் என்று அறிவித்தார். நம்முடைய முகநூல் தமிழர்கள் சிலர் காலையில் ஒரு முத்திரையை வாசித்து பின்னேரம் பரிசுக்குக் காத்திருக்கிறார்கள். சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், கீறியவர் என்ன மொழி பேசினார் என்று தெரியாமல் இந்தப் புதிரை அவிழ்க்க முடியாது. புதிரை அவிழ்த்தால்தான் என்ன மொழி என்று தெரியும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, எனக்கு ஓரளவு விசயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வாரம் நான்கு புதிர் கொடுத்தேன். படத்துக்குக் கீழே எழுத்தையும் எழுதினேன். ஓசையைத் தானாகவே பிடித்துவிடுவதால், எந்த எழுத்து எந்த ஓசை என்று தேட வேண்டியது மட்டும்தான் அவனுக்கு மிச்சம். மெல்ல மெல்ல நான்கு எழுத்துச் சொற்கள் வரத் தொடங்கின. பதிலுக்கு எனக்கும் புதிர் கீறித் தருவான்.

போன மாரியில் ஒருநாள், மூன்றாம் பாடம் நடக்கும்போது வீட்டிலிருந்து அழைப்பு. உம்மாவுக்குக் கடுமை, உடனே வாங்க என்றார்கள். இரண்டு நாளாக அடைமழை. அதிபரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுக்க வகுப்புக்கு வந்தேன். பிள்ளைகளிடமும் உம்மாவுக்குச் சுகமில்லை என்றுதான் சொன்னேன். பைக்கை எடுக்கும்போது அவன் மழையில் ஓடி வந்து ஒரு துண்டை நீட்டினான். பார்க்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டேன்.

உம்மா மௌத்தாகிவிட்டா. ஜனாஸா, மையவாடி, வருகிறவர்கள், போகிறவர்கள். மூன்றாம் நாள் சட்டையைக் கழுவ எடுத்த மனைவி அந்தத் துண்டைக் கொண்டுவந்து தந்தா. ஈரத்தில் மடிப்பு ஒட்டியிருந்தது. விரித்தால், ஒரு கதிரை. பக்கத்தில் ஆறு கோடுகள். பிறகு ஒரு தலை. கடைசியில் ஒரு வட்டம், அது பாதி கரைந்துபோய் மை பரவியிருந்தது.

கதிரை ஆறு தலை. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. விசாரிக்க வந்த, என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியரிடம் காட்டினேன். "ஆறு தலையெண்டா எங்கட முருகன்தான் சேர். கதிரையும் சேர்ந்தா கதிர்காமம்" என்றார். அந்த வீட்டில் மூன்று நாளைக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

எட்டாம் தரம் படிக்கிற மகள் எட்டிப் பார்த்தாள். "வாப்பா, இது கதிரை இல்ல. இங்கிலீசுல என்ன? செயார். சேர்! ஒங்களத்தான் கூப்பிட்டிருக்கான்."

அதற்குப் பிறகு மற்றது தானாக வந்தது. தலையை நாம் 'தல' என்றுதானே சொல்கிறோம். ஆறு, தல. ஆறுதல். சேர், ஆறுதல். கடைசி வட்டம் ஒரு கண்ணீர்த் துளியாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் வந்து எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது என்று நான் எழுதி வைத்த பிள்ளை எழுதியதைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க அழுதேன்.

பத்து நாள் கழித்துப் பாடசாலைக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது, தாம்போதியில் சேறும் சல்வினியாவும்தான் மிச்சம். இடைவேளையில் அவனைக் கூப்பிட்டுத் துண்டைக் காட்டி, "வாசிச்சிட்டன் மகன். சேருக்கு ஆறுதல் சொல்லியிருக்காய் என்ன" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"இல்ல சேர். தாம்போதியில தண்ணி பாயிதெண்டு சொன்னாங்க. ஆறுதலா போங்க எண்டுதான் கீறின."

"அப்ப இந்த வட்டம்?"

"பைக்குட சில்லு சேர். மத்தச் சில்லக் கீற நேரமில்ல, நீங்க வெளிக்கிட்டுட்டீங்க."

யோசித்துப் பார்த்தால், அவன் அதைக் கீறும்போது எங்கள் வீட்டிலிருந்து மௌத்துச் செய்தியே வரவில்லை. அந்தச் சின்னக் கணக்கைக்கூடப் பார்க்காமல்தான் துண்டை வாசித்திருக்கிறேன். அவன் அப்போது பயந்தது உம்மாவுக்காக இல்லை, எனக்காக.

அன்றைக்கு எப்படிப் போனீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் சைலன்சரைத் தொட்டுக்கொண்டு பாய்ந்தது, நான் வேகமாகத்தான் போனேன். வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போது உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.