மாயாவிக்கு ஷாக் அடிக்காத ஊர்

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் மாற நேரமிருந்தால் பீங்கான் பட்டறைப் பக்கம் போய் வாருங்கள் சார். அச்சிலிருந்து வந்த பொம்மைகள் வரிசையாகச் சூளைக்குக் காத்திருக்கும்.

1974-ல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. பகடை, குட்டி பொம்மை, மீதி கற்பனை! நமக்கு? தாயக்கட்டையும், 1972-ல் சிவகாசி தந்த முத்து காமிக்ஸும்தான். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைவார். கை மட்டும் தெரியும். யார் மாயாவி என்று தெருவில் அடிதடியே நடக்கும்.

கரண்ட்டைத் தடுக்கும் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் விருத்தாசலத்துச் சரக்குதான். இங்கே மாயாவி பாடு திண்டாட்டம்!

திரும்பும்போது பையனுக்கு ஒரு பீங்கான் குதிரை வாங்குங்கள். பேட்டரி கிடையாது, அவன் நினைத்தால்தான் ஓடும். நம் காமிக்ஸ் எடைக்குப் போயாச்சு. குதிரையாவது மிஞ்சட்டும்.