யானைக்கு வைத்த பொட்டு

லிப்ஸ்டிக்கில் வரைகிறார்கள், ஐ-ஷேடோவில் வரைகிறார்கள் என்று யாராவது வீடியோ அனுப்பினால் எனக்குப் பெரிய வியப்பு வருவதில்லை. படித்தது பொறியியல், டப்பாவின் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். லிப்ஸ்டிக் என்பது மெழுகு, எண்ணெய், நிறமி. அதன் செம்பழுப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடுதான் காவிக்கல்லிலும் இருக்கிறது. நகப்பூச்சின் நைட்ரோசெல்லுலோஸை 1920களில் கார்களுக்கும் அடித்தார்கள். விளக்குப் புகையில் பிடித்த கண்மையும் இந்தியன் இங்க்கும் ஒரே கரிதான். டைட்டானியம் வெள்ளை முகத்துக்கும் போகிறது, கேன்வாஸுக்கும் போகிறது.

பொட்டு மட்டும் இந்தக் கணக்கில் அடங்க மறுக்கிறது.

லண்டனில் 1969இல் பிறந்து, இருபதுகளில் டெல்லிக்குக் குடியேறிய பாரதி கேர் பல ஆண்டுகளாக ஸ்டிக்கர் பொட்டுகளை வைத்து வேலை செய்பவர். 2006இல் அவர் செய்த ஒரு படைப்பின் பெயரைத் தமிழில் ‘தனதல்லாத மொழியைப் பேசும் தோல்’ எனலாம். கண்ணாடியிழையில் ஒரு பெண் யானை, நிஜ அளவில், தரையில் சரிந்து கிடக்கிறது. சாகிறதா, எழப்போகிறதா, தெரியாது. உடம்பு முழுக்க விந்தணு வடிவப் பொட்டுகள். அந்த வடிவம் அவர் கற்பனை இல்லை, சந்தையில் விற்றதுதான். 2010இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் அது ஏறத்தாழ 15 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். படத்தில் பார்த்தாலே தோல் கூசுகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. தேக்காவில் கண்மை, மஞ்சள், குங்குமம் எல்லாம் சில வெள்ளிக்கு வாங்கினேன். தடித்த தாளில் பட்டை பட்டையாகத் தேய்த்து, பாதியை அட்டையால் மூடி, வீவக வீட்டு ஜன்னலில் வெயில் படும்படி வைத்தேன். எது எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க ஆசை. பொட்டு வாங்கவில்லை என்று அம்மா கவனித்துவிட்டார்.

“அதுக்கு எதுக்குக் கடைக்குப் போற? டிராயர்ல கெடக்கு, எடுத்துக்க.”

அப்பா போய் நாலு வருஷம். டிராயரில் பதினோரு அட்டை, மெரூன் வெல்வெட், எல்லாம் ஒரே அளவு. தூக்கிப்போடவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. வைக்காதே என்று யாரும் அம்மாவிடம் சொன்னதில்லை. பெரியம்மாகூட “இந்தக் காலத்துல யாரு பாக்குறா, வச்சுக்க” என்றார். ஆனால் கல்யாணங்களில் குங்குமச் சிமிழ் வரும்போது அம்மா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். சிமிழைத் தூக்கி வரும் பெண்ணும் அவரைத் தாண்டிப் போய்விடுவாள். இரண்டு பேருக்குமே பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

யானைப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். விலையையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையை விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“யானைக்கு வைக்கலாமாம்,” என்றார். பிறகு, “ஒட்டுறதுக்கே எத்தனை பேரு உக்காந்திருப்பாங்க?”

பழைய அட்டையிலிருந்து உரித்த பொட்டுகளில் பசை இறுகிப்போயிருந்தது. பாதி தாளில் நிற்கவில்லை. அம்மா ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்து, பின்னால் துளி பசை தடவி, எனக்கு நீட்டிக்கொண்டிருந்தார். ஆறு வாரத்தில் வெயில் பட்ட பக்கம் மஞ்சள் வெளிறிவிட்டது. கரி அசையவே இல்லை. ஒன்பது அட்டை தீர்ந்தது. மிச்சம் இரண்டை அம்மா திரும்ப டிராயரில் வைத்துவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.